இரும்பைப் புதுப்பிக்கலாம், ரப்பரை மாற்றத்தான் வேண்டும்

பழைய பிரேக் சாமானைக் கழுவி மாட்டுவது ஏமாற்று வேலை என்று எங்கள் சங்கராபுரம் பக்கம் பலர் நினைக்கிறார்கள். இங்கே பட்டறை வைத்திருக்கும் நான் அதை ஏற்கமாட்டேன். சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய கம்பெனி டிரம், பேர் தெரியாத புது டிரம்மைவிட நம்பகமானது. ஆனால் எதைப் புதுப்பிக்கலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில் கறாராக இருக்க வேண்டும்.

டிரம், டிஸ்க், ஹப் எல்லாம் இரும்பு. துருவை எடுத்து, தேவைப்பட்டால் லேத்தில் லேசாகக் கடைந்து மாட்டலாம். டிஸ்க் எவ்வளவு தடிமன் வரை தேயலாம், டிரம் எவ்வளவு விட்டம் வரை அகலலாம் என்று அதிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். துருவுக்கடியில் மறைந்திருக்கும் அந்த எண், கம்பி பிரஷ் போட்டால் தெரியும். அதைப் படித்து, வெர்னியர் வைத்துப் பார்க்காமல் லேத்தில் ஏற்றவே கூடாது. ஹப் பேரிங்கையும் பழைய கிரீஸ் போகக் கழுவி, வெயிலில் ஒவ்வொரு உருளையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கடுகளவு குழி இருந்தாலும், சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலும் வெளி வளையத்தோடு சேர்த்துப் புதுசு போட வேண்டும்.

காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் வாஷர் விஷயம் வேறு. ரப்பருக்கு மறுவாழ்வு கிடையாது. மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவினால் அது ஊதிவிடும். பிஸ்டன் திரும்பாமல் பிடித்துக்கொண்டு சக்கரம் கொதிக்கும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியதோ 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பெடல் தரை தொடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரம் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அதைச் சுவாசிப்பது குனிந்து வேலை பார்க்கும் பையன்தான். நனைத்துத் துடையுங்கள்.

வாடகை வண்டிக்காவது எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்கு 15 ஆண்டு கழித்துத்தான். அதுவரை அந்த பிரேக்கைப் பார்ப்பது பட்டறைக்காரர் மட்டுமே. அதனால் கடைந்தபின் வந்த அளவையும், பொறித்திருக்கும் எல்லையையும் பில்லில் எழுதித் தருவதைப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். கழற்றிய ரப்பரை வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பேரம் பேசுங்கள், கூலியைக் குறைக்கச் சொல்லுங்கள்; சீல் கிட் காசில் மட்டும் கை வைக்காதீர்கள்.