எத்தனையாவது பாட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருமுறை வகுப்பு ஒரு பாட்டும் ஓதாமலே முடிந்தது. ஸ்கூடாய் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபம். காலைப் பூசை முடிந்து, பிரசாதத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு பாயை விரித்து உட்காருவோம். பதினைந்து பேர் வருவோம். மழை நாளில் எட்டுப் பேர். அன்று உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஓர் அக்கா கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்து நிறைய உருத்திராட்சம், முதுகுக்குப் பின்னால் கணினியில் வரைந்த கயிலாய மலை. வெள்ளிக்கிழமை யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டு இலட்சுமியும் பணத்தோடு படியிறங்கிவிடுவாள், இதைத் திருமூலரே திருமந்திரத்தில் சொல்லியிருக்கிறார் என்றார் பேச்சாளர்.

அக்காவின் முகம் வாடிப் போயிருந்தது. "தங்கச்சிக்கு ஐந்நூறு வெள்ளி கொடுத்தேன் ஐயா. வெள்ளிக்கிழமைதான் சம்பளம் வரும், வேறென்னைக்குக் கொடுக்கிறது? இப்ப என்ன செய்ய?"

எங்கள் ஆசிரியர் தமிழ்ப்பள்ளியில் பணி ஓய்வு பெற்றவர். எழுபத்து நான்கு வயது. கோபமே வராது, வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குத் துடைத்தார். "திருமந்திரம் மூவாயிரம் பாட்டும்மா. ஒன்பது தந்திரம். எந்தத் தந்திரம், எத்தனையாவது பாட்டுன்னு அவர் சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லலை லா, ஐயா."

"அப்ப நாமளே தேடுவோம்."

தேடினோம். வகுப்பில் மூன்று பிரதிகள் இருந்தன. பின்பக்கத்தில் பாட்டு முதற்குறிப்பு அகராதி உண்டு. பாட்டின் முதல் சொல் தெரிந்தால் அது உதவும், கடனையும் வெள்ளிக்கிழமையையும் வைத்துக்கொண்டு அதில் என்ன செய்வது? ஆளுக்கு ஒரு தந்திரமாகப் பிரித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைக் கடன் எங்கள் கண்ணில் படவே இல்லை. முதல் தந்திரத்தைப் புரட்டிய தம்பிக்கு மட்டும் வேறொன்று அகப்பட்டது: அறஞ்செய்வான் திறம், அதையடுத்து அறஞ்செயான் திறம். கொடுப்பவனைப் பற்றி ஒரு பகுதி, கொடாதவனைப் பற்றி ஒரு பகுதி. அவன் சில பாட்டுகளை வாசித்தான். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் கொடுத்தது சரிதான்" என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தங்கச்சி திருப்பித் தருவாளா என்பது வேறு விஷயம்.

இதைப் படித்துவிட்டு, "அதுதான் சொல்கிறேன், ஆசிரியரும் வேண்டாம் உரையும் வேண்டாம், நூலை நீங்களே நேராகப் படியுங்கள்" என்று யாராவது கிளம்பினால் அவர்களிடம் திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தைக் கொடுத்து அனுப்புவேன். அங்கே சூனிய சம்பாஷணை என்றொரு பகுதி. கத்தரி விதையைப் போட்டேன், பாகல் முளைத்தது, மண்ணைத் தோண்டினேன், பூசணி பூத்தது என்று போகும் ஒரு பாட்டு. தனியாகப் படிப்பவர் விதைக் கடைக்காரனோடு சண்டைக்குத்தான் போவார். விதை என்பது யோகப் பயிற்சி, முளைத்த கசப்பு வைராக்கியம் என்று உரையாசிரியர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அது தோட்டக் கணக்கு அல்ல என்று நமக்கு உறைக்கிறது. திருமூலர் வேண்டுமென்றே பூட்டி வைத்த பாட்டு அது. சாவி வழிவழியாக ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்திருக்கிறது. ஆகவே ஆசிரியர் வேண்டும். எப்படிப்பட்டவர் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

எங்கள் தாத்தா குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்து முற்றத்தில் இரவு நேரத்தில் இராமாயணம் படிப்பார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மண்ணெண்ணெய் விளக்கு, பெரிய எழுத்துப் புத்தகம். படிப்பவர் தோட்டத்துக் கிராணி, ஏனென்றால் அந்த லயத்தில் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பத்தி படிப்பார், புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுப் பொருள் சொல்வார். அனுமன் கடலைத் தாண்டும் கட்டம் வந்தால் எல்லாருக்கும் கொண்டாட்டம். அனுமன் கூலி கேட்டானா, நேரம் பார்த்தானா, எசமான் சொன்னதைச் செய்தானா இல்லையா என்று கிராணி கேட்பாராம். பால் எடை குறைகிறது, சம்பளம் போதவில்லை என்று முணுமுணுப்பு எழுந்த மாதங்களில் அனுமன் அடிக்கடி கடல் தாண்டினான் என்பார் அப்பா.

தாத்தா பிறகு இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகினார். நாற்பது வயதுக்கு மேல். இரண்டு வருஷம் கழித்து அதே பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கிராணியிடமே இரவல் வாங்கி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். கடல் இருந்தது, அனுமன் இருந்தான். கூலிப் பேச்சு எங்கும் இல்லை. தாத்தா கிராணியிடம் போய்ச் சண்டை போடவில்லை. அடுத்த தடவை வாசிப்பு நடந்தபோது விளக்குக்குப் பக்கத்தில், புத்தகம் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். கிராணியின் அனுமன் அதற்குப் பிறகு கூலியைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் கிராணியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த லயத்துக்கு இராமாயணமே கிடையாது. எது நூலில் உள்ளது, எது தான் சொல்வது என்று பிரித்துக் காட்டாததுதான் அவர் செய்த தப்பு.

நம் பழைய உரையாசிரியர்கள் இந்த இடத்தில்தான் உயர்ந்து நிற்கிறார்கள். பரிமேலழகரோடு ஒத்துப்போகாதவர்கள் ஏராளம். நானும் சில இடங்களில் ஒத்துப்போகமாட்டேன். ஆனால் அவரோடு சண்டை போட வேண்டிய ஆயுதத்தை அவரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். குறளை அப்படியே மேலே வைப்பார். சொல்லுக்குச் சொல் பொருள் சொல்வார். அதன் பிறகுதான் தன் விளக்கம். கடவுள் வாழ்த்தின் மூன்றாவது குறளில் மலரின்மேல் சென்றவன் யார்? அடியவரின் நெஞ்சத் தாமரையில் விரைந்து போய்ச் சேரும் இறைவன் என்கிறார். உடனே, இதை வேறொரு கடவுளுக்கு உரியதாகச் சொல்பவர்களும் உண்டு என்று எழுதி வைக்கிறார். மலர்மேல் நடந்த அருகனை நினைக்கும் சமணர் தரப்பு அது. மறைத்திருந்தால் நமக்குத் தெரியவா போகிறது? புணர்ச்சி மகிழ்தலில் தாமரைக் கண்ணான் என்று ஒரு சொல் வரும். அது திருமால் என்பது அவர் கட்சி. இந்திரன் என்று சொல்வாரும் உண்டு, அப்படி ஒரு பெயர் இந்திரனுக்கு இல்லாததால் அது பொருந்தாது என்று காரணத்தோடு தள்ளுகிறார். தள்ளினாலும், தள்ளப்பட்டவர் சொன்னது என்னவென்று நமக்குத் தெரிகிறது. குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பது மரபு. ஒரே நூலுக்குப் பத்துப் பேர் பொருள் சொன்னதால் குறளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

வைணவர்கள் இன்னும் ஒரு படி மேலே. திருவாய்மொழிப் பாசுரங்கள் ஆயிரத்துச் சொச்சம்; அதற்கு ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று ஐந்து வியாக்கியானங்கள். கடைசியாகச் சொன்ன ஈடு, நம்பிள்ளை சொல்லச் சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதியது. மணிப்பிரவாள நடை. உரையைப் படிக்கவே இன்னோர் உரை வேண்டும், அதுவும் இருக்கிறது! நம் சைவர்களோ திருவாசகத்துக்கு உரை எழுதவே நெடுங்காலம் தயங்கினார்கள். பொருள் கேட்ட தில்லைவாழ் அந்தணர்களுக்கு மாணிக்கவாசகர் கூத்தப் பெருமானைக் காட்டி, இவரே பொருள் என்று சொல்லிக் கலந்துவிட்டார் என்பது வரலாறு. அதற்குப் பிறகு யார் பேனாவைத் தொடுவார்கள்? எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தத் தயக்கம் விட்டுப்போன வெற்றிடத்தில்தான் இன்றைக்குக் கயிலாய மலையைப் பின்னால் வரைந்துகொண்டவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற சந்தேகமும் கூடவே உண்டு.

ஜொகூர்க்காரர்கள் மறந்துவிட்ட ஒருவரை இங்கே நினைவூட்ட வேண்டும். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்துவிட்டு 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பான் பக்கத்தில் தோட்ட மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு வருஷம், பிறகு நம் ஜொகூரில் மூன்று வருஷம் டாக்டர் வேலை. மலாயாவில் இருந்த காலத்தில் ஒரு சாது அவரிடம் 'ஜீவ பிரம்ம ஐக்கியம்' என்ற புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். சச்சிதானந்த சுவாமிகள் எழுதியது. அதைப் படித்த டாக்டருக்கு நிலைகொள்ளவில்லை. விவேகானந்தர், இராம தீர்த்தர், சங்கரர், விவிலியம் என்று தேடித் தேடிப் படித்தார். புத்தகம் போதவில்லை. 1923-இல் வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போய் ஊர் ஊராகத் திரிந்து, ரிஷிகேசத்தில் விசுவானந்த சரஸ்வதியிடம் 1924 ஜூன் 1-ஆம் தேதி துறவு வாங்கினார். அதே ஜூன் 28-ஆம் தேதிதான் ஜொகூர்-சிங்கப்பூர் கடற்பாலத்தின் அதிகாரபூர்வத் திறப்பு விழா. தினமும் அதில் நெரிசலில் நிற்கும்போது எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

அவர்தான் தெய்வ நெறிக் கழகத்தை 1936-இல் தொடங்கிய சுவாமி சிவானந்தர். சாது கொடுத்த ஒற்றைப் புத்தகத்தால் கிளம்பியவர், போய்ச் சேர்ந்த இடத்தில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் எழுதினார். அவருடைய கீதைப் பதிப்பு ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. முதலில் சுலோகம், அடுத்து பதம் பதமாகப் பொருள், அடுத்து மொழிபெயர்ப்பு, கடைசியில்தான் அவர் விளக்கம். பரிமேலழகர் நடந்த அதே தடம். பிடிக்காவிட்டால் மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டு நான் என் பாட்டுக்கு யோசிக்கலாம்.

இதையெல்லாம் என் மலாய் நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் சமயத்தில் மார்க்கம் கற்பிக்க மாநிலச் சமய அதிகாரத்திடம் தௌலியா என்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போதித்தால் சட்டப்படி குற்றம். "உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம் ஆட்களில் சிலர் அப்படி ஒன்று வந்தால் நல்லது என்று பேசுவதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திருவிழாவுக்கு யார் பெயரை முதலில் போடுவது என்பதற்கே நோட்டீஸை மூன்று முறை மாற்றி அடிக்கும் கமிட்டிகள் நம்முடையவை. பரிமேலழகருக்கு யார் கையெழுத்துப் போடுவது, மணக்குடவருக்கு யார் போடுவது?

அதிகாரத்தை விட எனக்குக் கவலை தருவது எழுத்துதான். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்கு எங்கள் வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் போவார்கள். தேசியப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி சம்பந்தர் பதிகத்தை அவ்வளவு அழகாகப் பாடுவாள். ஒருநாள் அவள் நோட்டைப் பார்த்தேன். முழுப் பதிகமும் ரூமி எழுத்தில் இருந்தது. ழகரம் வரும் இடங்களில் மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி. நாக்கை மடக்க வேண்டும் என்ற அடையாளம். அவளைக் குறை சொல்லவில்லை, பாடுகிறாளே. ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து, சம்பந்தர் இப்படிச் சொன்னார் என்று எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டத்தான் வேண்டியிருக்கும். எங்கள் தாத்தா இரவுப் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் இருந்த இடத்துக்கு, மூன்று தலைமுறை கழித்து, படித்த பிள்ளைகள் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதில் கைப்பேசி வெளிச்சம்.

இப்போது வகுப்பில் அரை மணி நேரம் அந்தச் சிறுமிக்கும் இன்னும் நான்கு பேருக்கும் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறோம். ஐயா கரும்பலகையில் எழுதுகிறார், நான் நோட்டுத் திருத்துகிறேன். போன வாரம் அவள் தன் பதிகத்தின் முதல் பாட்டை ரூமியைப் பார்க்காமல் தமிழில் எழுதினாள். ஒரு லகரமும் ஒரு றகரமும் தப்பு.

உங்கள் கைப்பேசிக்கும் இன்றைக்கு ஏதாவது வந்திருக்கும். அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தத் திருமுறை, எத்தனையாவது பாட்டு? மரியாதையாகவே கேளுங்கள். பாட்டு எண் வந்தால் எங்களுக்கும் அனுப்பிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திறந்து பார்க்கிறோம்.