வீட்டைக் கட்டுகிறவனா வீட்டைப் பறித்தவன்?



அமெரிக்காவில் குடிவரவு அதிகாரிகள் தொழிலாளர்களை விலங்கு போட்டுக் கொண்டுபோகும் வீடியோக்கள் நம்ம ஊர் குரூப்புகளிலும் சுற்றுகின்றன. கீழே நம்மவர்களின் கமெண்ட்: "சட்டவிரோதமா போனா அப்படித்தான்", "அவனுகளாலதான் அங்க வீட்டு வாடகை ஏறினது."

இரண்டாவது கதையை நம்மவர்கள் யோசித்துச் சொல்லவில்லை. 2024 ஒக்டோபர் 1ஆம் திகதி, துணை ஜனாதிபதி வேட்பாளர்களின் விவாதத்தில் ஜே.டி. வான்ஸ் சொன்ன கதை அது. அதைத்தான் இங்கே ஷெயார் பண்ணுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2005இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 20 இலட்சம் புதிய வீடுகளுக்கு வேலை தொடங்கினார்கள். கண்ட கண்டபடி கொடுத்த வீட்டுக் கடன்களால் 2008இல் எல்லாம் கவிழ்ந்தது. 2009இல் தொடங்கிய வீடுகள் 6 இலட்சத்துக்கும் குறைவு. பிறகும் பல வருடங்களாக, தேவைக்கு ஏற்றபடி வீடு எழும்பவில்லை. அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் தோட்டத்தில் தக்காளி பறிக்கிறவர்களா?

அடுத்தது காணிச் சட்டம். அங்கே பல நகரங்களில் குடியிருப்புக் காணியின் பெரும்பகுதியில் ஒரு குடும்பத்துக்கான தனி வீடு மட்டும்தான் கட்டலாம். காசு இருந்தாலும் ஆள் இருந்தாலும் மாடிக் குடியிருப்புக்கு அனுமதி இல்லை. இருக்கிற வீட்டின் பெறுமதி இறங்கக் கூடாது என்று நினைக்கிற வீட்டுச் சொந்தக்காரர்கள்தான் இந்த விதியைக் காப்பாற்றுகிறார்கள்.

ஆட்கள் கூடினால் வீட்டுக்குத் தேவையும் கூடும். அது உண்மை. ஆனால் அமெரிக்கக் கட்டட வேலையில் ஏறத்தாழ நாலில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். கூரை போடுகிறவரையும் சுவர் பூசுகிறவரையும் பிடித்து அனுப்பினால் வீடு மலியுமா, பாதியில் நிற்குமா?

"சட்டம் சட்டம்தானே சேர்" என்பீர்கள். சரி, எல்லையைக் காக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் சட்டம் யாருக்கு? ரீகன் 1986இல் கையெழுத்திட்ட சட்டப்படி, அனுமதியில்லாதவர் என்று தெரிந்துகொண்டே வேலைக்கு எடுக்கும் முதலாளியும் குற்றவாளி. ஆனால் காட்டிய பேப்பர் உண்மை போலத் தெரிந்தால் போதும், முதலாளி தப்பிவிடுவார். முதலாளிக்கு விலங்கு போட்ட வீடியோ ஒன்றாவது உங்கள் போனுக்கு வந்ததா?

1938இல் வந்த தொழிலாளர் சட்டத்தில் ஓ.டி. கொடுப்பனவு உண்டு. விவசாயத் தொழிலாளிக்கு மத்திய சட்டப்படி இன்றுவரை அது இல்லை. அந்த நாட்டின் பயிர்த் தோட்டங்களில் ஏறத்தாழ 10 பேரில் 4 பேருக்கு ஆவணம் இல்லை. வாய் திறந்தால் நாடுகடத்தல். அதைவிட மலிவான கூலியாள் எங்கே கிடைப்பான்?

அமெரிக்கத் தொழிலாளிக்காகத்தான் இதெல்லாம் என்கிறார்கள். மத்திய அரசின் ஆகக்குறைந்த சம்பளம் 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டொலர்தான். அதைக் கூட்டாமல் வைத்திருப்பது காங்கிரஸ், அகதி அல்ல.

2025 ஜூனில் என்ன நடந்தது? நல்ல, பழைய வேலையாட்கள் போகிறார்கள் என்று விவசாயிகளும் ஹோட்டல்காரர்களும் முறையிடுவதாக ட்ரம்பே எழுதினார். தோட்டங்களிலும் ஹோட்டல்களிலும் தேடுதலை நிறுத்தச் சொன்னார்கள். சில நாட்களில் மறுபடியும் தொடங்கச் சொன்னார்கள். இந்த ஆட்கள் வேண்டும், ஆனால் பயந்த ஆட்களாக வேண்டும். முழுக் கொள்கையும் இதுதான்.

நம்ம ஊரில் எத்தனை வீடுகள் மத்திய கிழக்குக் காசில் எழும்பின? பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் சம்பளம் கேட்கவும் நா எழாது என்பதை அங்கே வேலைக்குப் போய்வந்த நானாமாரிடமும் ராத்தாமாரிடமும் கேட்டுப் பாருங்கள். கூலியைப் பிந்தாமல் கொடு என்று குத்பாவில் கேட்டு வளர்ந்த நாங்கள், கூலி கேட்க முடியாதவனைப் பார்த்துச் சிரிக்கும் இமோஜி போடலாமா?

அடுத்த வீடியோ வந்தால் ஷெயார் பண்ண முதல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இவரை வேலைக்கு எடுத்தவர் எங்கே?