ஆறு மணி நேரம் என் மகளிடம் யாரும் பேசவில்லை

மதிப்பிற்குரிய மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

இது நான் தங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் கடிதத்தைத் தங்கள் அலுவலகத்திலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். இரண்டாவது பதிவுத் தபால். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. மூன்றாவது, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று வரிசையில் நின்று கொடுத்தது. மூன்றுக்கும் சேர்த்து வந்த பதில் ஒரே ஒரு குறுஞ்செய்தி. மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டதாம். அந்த அலுவலர் தாங்கள்தான். ஆகவே இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் அங்கன்வாடிப் பணியாளராக 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பகுதியில் யார் வீட்டில் யார் எத்தனையாவது மாதம் என்று என் பதிவேட்டில் இருக்கும். சத்துமாவுப் பாக்கெட்டோடு வாசல் வாசலாகப் போய், "பிரசவத்துக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போ, பயப்படாதே, நல்லாப் பாத்துக்குவாங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்தது. என் சொல்லை நம்பிப் போன பெண்கள் ஏராளம். என் மகளையும் அதே நம்பிக்கையில்தான் தங்கள் பொறுப்பிலுள்ள மருத்துவமனையில் சேர்த்தேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. தையல் அழகாக ஆறியது. யாரும் எங்களிடம் பத்து ரூபாய்கூடக் கேட்கவில்லை. அறுத்து எடுத்த டாக்டரம்மாவுக்கு மூன்று கடிதத்திலும் முதல் வரியிலேயே நன்றி எழுதியிருந்தேன், இதிலும் எழுதுகிறேன். என் குறை வேறு. அங்கே என் மகளின் வயிற்றைப் பார்த்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தது. அதனால் 39-வது வாரத்தில் நாள் குறித்து சிசேரியன் என்று முடிவு செய்தார்கள். சரியான முடிவு. அவசரமாக நடு இரவில் தூக்கிக்கொண்டு ஓடியது அல்ல. பத்து நாள் முன்னாலேயே தேதி தெரியும். அந்தப் பத்து நாளில் நான்கு முறை செக்கப்புக்குப் போனோம். ஆபரேஷன் என்றால் என்ன நடக்கும் என்று அவளை உட்கார வைத்துச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சொன்னதெல்லாம் ஊராரும் உறவுக்காரர்களும்தான். "முதுகுல ஊசி போட்டாக் கால் விளங்காமப் போயிடும்" என்று ஒருத்தி. "ஆபரேஷன் பண்ணினவளுக்குப் பால் வராது" என்று இன்னொருத்தி. நான் எல்லோருக்கும் சொன்னதையே இவளுக்கும் சொன்னேன்: பயப்படாதே. அந்த ஒரு சொல்லைத் தவிர என்னிடமும் வேறொன்றும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அன்று காலை ஒப்புதல் படிவத்தில் மருமகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். வயிறு அவளுடையது. நகை எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கால் வீங்கியிருந்ததால் மெட்டி வரவில்லை. ஆயாம்மா அவசரப்படுத்த, நான் குழாயடியிலிருந்து சோப்பு நுரையைக் கையில் ஏந்தி வந்து, தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்துத் திருகித் திருகி எடுத்தேன். அவள் கால் சில்லிட்டிருந்தது. "அம்மா, இந்தக் காலு திரும்ப வரும்ல?" என்று கேட்டாள். நான் சிரித்து வைத்தேன். பைத்தியம் என்று நினைத்தேன். அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

உள்ளே நடந்தது அவள் பிறகு சொன்னது. குனிந்து உட்கார் என்று கழுத்தை அழுத்திப் பிடித்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னது நடந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள். "டாக்டர், என் கால்" என்று கத்தியவளுக்குக் கிடைத்த பதில், "பேசாமப் படும்மா." பிறகு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டியது. எங்கள் வீட்டில் ஒரு பாட்டி பிரசவ ஜன்னியில் செத்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் இவள். இதுதான் ஜன்னி, நாம் இனி பிழைக்கப்போவதில்லை என்று முடிவே செய்துவிட்டாள். குழந்தை ஒரு முறை அழுத சத்தம் கேட்டதாம். அப்புறம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மணி நேரம்.

குழந்தைக்கு மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்ததால் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு (எஸ்.என்.சி.யு.) கொண்டு போயிருந்தார்கள். வெளியே இருந்த எங்களுக்கு இது அரை மணி நேரத்தில் தெரியும். இளம் டாக்டர் ஒருவர் வந்து மருமகனிடம் சொன்னார்: "நுரையீரல்ல இருக்கற தண்ணி வத்தணும். பெட்டில வெச்சிருக்கோம், ரெண்டு நாள்ல சரியாயிடும்." எவ்வளவு அழகாக, எவ்வளவு சுருக்கமாகச் சொன்னார். கண்ணாடி வழியாகக் குழந்தையைக் காட்டினார்கள். போனில் படமும் எடுத்தோம். ஆனால் பெற்றவள் கிடந்த அறைக்குள் துணைக்கு ஆள் போகக்கூடாது, போன் போகக்கூடாது. வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் கெஞ்சினேன். "குழந்தை நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, அவ பேரு சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க." "உள்ள டாக்டர் சொல்லுவாங்கம்மா" என்றார்.

உள்ளே யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்குக் குழந்தையைக் கொண்டுவந்து மார்பில் வைத்தார்கள். எதிர்க் கட்டிலில் இன்னொருத்திக்கும் வைத்தார்கள். என் மகள் கேட்டாள். டாக்டர் வருவார் என்றார்கள். மறுபடி கேட்டாள். இரு என்றார்கள். மூன்றாவது முறை கேட்கவில்லை. குழந்தை செத்துவிட்டது, எப்படிச் சொல்வது என்று மறைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டுவிட்டாள். காலும் வரவில்லை, குழந்தையும் இல்லை என்று மேலே பார்த்தபடி கிடந்தவள் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்து ஒருவர் பக்கத்தில் வந்திருக்கிறார். வந்து சொன்னது இதுதான்: "அழாதே, தையல் பிரிஞ்சிடும்."

ஐயா, எண்ணிப் பாருங்கள். அது மூன்று வார்த்தை. "குழந்தை நல்லா இருக்கும்மா" என்பதும் மூன்று வார்த்தை.

இதைத்தான் நான் மூன்று கடிதத்தில் எழுதினேன். நேரில் போய்க் கேட்டபோது உங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஆள் பற்றாக்குறை என்றார். எனக்குத் தெரியாதா? ஒரு சிஸ்டர் இரண்டு வார்டுக்கு ஓடுவதை நானே பார்த்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டுத் திட்டி, மெமோ கொடுத்து இதை முடித்துவிடாதீர்கள். அவரிடம் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லும்படி எவரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள்.

உங்கள் அலுவலகத்தில் இருந்த இன்னொருவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "அதான் தாயும் சேயும் நல்லா இருக்காங்களே, அப்புறம் என்னம்மா?" என்றார். என் மகள் நல்லா இருக்கிறாளா? நான்கு மாதம் ஆகிறது. ராத்திரி அரை மணிக்கு ஒரு முறை எழுந்து குழந்தையின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். மூச்சு படும்வரை எடுப்பதில்லை. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்கிறாள். இதை உங்கள் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்த அளவு சரியா, அதிகமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அது பெரிய வாதம், நடக்கட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். இத்தனை பெண்களை அந்த மேஜையில் படுக்க வைக்கிறோமே, அவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டாமா? உங்களுக்கு அன்றைக்கு அது நாலாவது கேஸ். அவளுக்கு அது முதல் முறை. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்க 2004-லேயே வழி செய்த மாநிலம் இது. மகப்பேறு உதவிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரை வைத்திருக்கிற மாநிலம். அந்தத் துணை ஏன் ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிடுகிறது?

சொல்ல நேரமில்லை என்கிறீர்கள். நேரத்தை நான் கணக்குப் பார்த்துவிட்டேன். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை உங்கள் மருத்துவமனையில் நாள் குறித்திருக்கிறார்கள். போன வாரம் அவளை என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினேன். என் மகளுக்கு நடந்த பிறகு, ஒரு மயக்க மருந்து டாக்டரிடம் போய் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொன்னேன்.

முதுகை வளைத்து, நாடி நெஞ்சில் படுகிற மாதிரி உட்காரச் சொல்வார்கள், எலும்புக்கு நடுவே ஊசி போக வழி கிடைக்கத்தான் என்றேன். கால் முதலில் சூடாகும், பிறகு மரத்துப்போகும். மரத்தால் ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம், சில மணி நேரத்தில் விரல் அசையும் என்றேன். "மரத்துப்போச்சான்னு பாக்காமக் கத்தி வெச்சுட்டா, டீச்சர்?" என்று கேட்டாள். ஸ்பிரிட் பஞ்சு வைத்து, கிள்ளிப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் தொடங்குவார்கள் என்றேன். "நெஜமாவே கிள்ளிப் பாப்பாங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் சொன்னேன். வலி இருக்காது, ஆனால் யாரோ வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவுகிற மாதிரி, இழுக்கிற மாதிரி தெரியும். உடம்பு நடுங்கலாம், அது ஜன்னி இல்லை, நிறையப் பேருக்கு வரும். குமட்டினாலோ கண்ணை இருட்டினாலோ தலைமாட்டில் இருக்கிற டாக்டரிடம் உடனே சொல், பிரஷர் இறங்கியிருக்கும், மருந்து ஏற்றினால் சரியாகும். குழந்தை சில நிமிடத்திலேயே வெளியே வந்துவிடும். தையல் போடத்தான் நேரமாகும், இவ்வளவு நேரம் ஆகிறதே என்று பதறாதே. வலி வருவதற்கு முன்பே எடுக்கிற குழந்தைகளில் சிலதுக்கு நுரையீரல் தண்ணீர் வற்றக் கொஞ்சம் தாமதமாகும். பெட்டியில் வைத்தால் பெரும்பாலும் ரெண்டு மூணு நாளில் தேறிவிடும். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் வைத்து அணைத்துப் பிடித்துக்கொள். மறுநாள் எழுப்பி நடக்கச் சொன்னால் கொடுமை என்று நினைக்காதே, காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான். பால் வரும். பக்கவாட்டில் படுத்துக்கொண்டே கொடுக்கலாம்.

எட்டு நிமிடம் ஆனது. அவள் எழுந்தபோது, வந்த முகமாக இல்லை. "இதை யாரும் சொல்லவே இல்லையே டீச்சர்" என்றாள்.

வாரத்தில் ஒரு நாள், நாள் குறித்த பெண்களையெல்லாம் ஒன்றாக உட்கார வைத்து இந்த எட்டு நிமிடத்தைப் பேசுங்கள். டாக்டர் முடியாதென்றால் சிஸ்டர் பேசட்டும். அவருக்கும் முடியாதென்றால் நான் வருகிறேன் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தேன். சம்பளம் வேண்டாம், ஒரு நாற்காலி போதும் என்று எழுதினேன். அந்தக் கடிதம் உங்கள் கையெழுத்துக் கிடைத்த கடிதம். படித்தீர்களா? குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோனால் அந்த நிமிடமே தாயிடம் போய் ஒருவர் சொல்லட்டும், போனில் இருக்கிற படத்தையாவது காட்டட்டும். இதற்கு நிதி ஒதுக்க வேண்டுமா? அரசாணை வர வேண்டுமா? உங்கள் வீட்டுப் பெண் அந்தக் கட்டிலில் ஆறு மணி நேரம் அப்படிக் கிடந்திருந்தால், ஏழாவது மணியில் இது நடந்திருக்காதா?

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பெண்ணை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவளோடு அதே பட்டியலில் இருக்கும் மற்றவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவர்கள் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்