போன் பாடம் மனதில் ஏறியதா?

"போனிலேயே பாடம் வருதே, அப்புறம் வாத்தியார் எதுக்கு?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. "போனைக் கொடுத்ததிலிருந்து படிப்பே போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. அதுவரை கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும்தான் வாத்தியார். பலன்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளைவிட இவர்கள் பின்தங்கிப் போயிருந்தார்கள். மொழியைவிடக் கணக்கில்தான் அடி பலம்.

விட்டதைப் பிடிக்க வந்ததுதான் 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27-ந் தேதி அது தொடங்கியது நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். சாயங்காலம் தெருவிலேயே ஒரு அக்கா உட்கார்ந்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லிக் கொடுத்தார். பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால்பங்கு இந்தச் சாயங்கால வகுப்பினால் என்று அதே ஆய்வு கணக்கிட்டது.

ஆக, போன் துணைக்கு வரலாம். பக்கத்தில் ஒரு மனுஷி வேண்டும். வீட்டில் அந்த மனுஷி நீங்கள்தான். செய்ய வேண்டியது மூன்றே மூன்று:

1. பத்து நிமிஷம் பாடம் பார்த்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, "என்ன பார்த்தே, அம்மாவுக்குச் சொல்லு" என்று கேளுங்கள். குழந்தை சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும்.

2. கணக்கானால் எண்ணை மாற்றிப் போடுங்கள். "50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குக் காய் வாங்கினா மிச்சம் எவ்வளவு?"

3. மறுநாள் சாயங்காலம் அதையே மறுபடி கேளுங்கள். அப்போதும் நினைவிருந்தால்தான் பாடம் ஏறியதாக அர்த்தம்.

சொல்லத் தெரியாவிட்டால் திட்டாதீர்கள். எந்த இடத்தில் தடுக்கியது என்று டீச்சரிடம் சொல்லுங்கள். அவருக்கும் அது உதவி.

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே" என்று தயங்கவேண்டாம். கேட்பதற்கு எழுத்து எதற்கு? அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம். அம்மாவுக்குச் சொல்லிக் காட்டவேண்டும் என்று தெரிந்தாலே, குழந்தை பாடத்தைக் கவனித்துப் பார்க்கும்.