கணக்கைக் காட்டிப் பேசட்டும்!

தோழர்களே! 2023 ஜூனில் மலேசிய நாடாளுமன்ற மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையைப் பற்றி, "அரசாங்க ஆஸ்பத்திரியில் 1 வெள்ளிச் சீட்டு ஒழிந்தது" என்று மிரட்டுகிறார் ஒருவர். "எல்லாம் இனாம்" என்று கைதட்டல் வாங்குகிறார் இன்னொருவர். இருவருமே அறிக்கையைப் புரட்டியவர்களாகத் தெரியவில்லை!

அது 15 ஆண்டுத் திட்டம். சுகாதாரத்துக்கான அரசாங்கச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 விழுக்காடாக உயர்த்தச் சொல்கிறது. அந்தப் பணம் யார் பையிலிருந்து? நம் சம்பளப் பிடித்தமா, முதலாளி பங்கா, வரியா? அதைக் கேட்டால் மேடையில் மௌனம்.

செக்ரோலில் அரைப்பேர் குறைந்தால் கிராணியான என்னைச் சும்மா விடுவீர்களா? அதே கண்டிப்பை அவர்களிடமும் காட்டுங்கள். 1 வெள்ளிச் சீட்டு வாங்கப் பட்டணம் போன வண்டிக்கூலி எவ்வளவு, அன்று போன பேர் எத்தனை? அடுத்த கிளைக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.