ஒரு குடம் தண்ணீர்!

தளம் போடும் நாள். வீட்டில் ஒரே கலகலப்பு!

"கலவை இறுகுது. இன்னும் ஒரு குடம் ஊத்து!" என்கிறார், மேஸ்திரி. சித்தாள் ஊற்றுகிறாள். வேலை சுலபமாகிறது.

அந்த ஒரு குடம் தண்ணீர்தான் வீட்டுக்கு எமன்!

எப்படி?

மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிவிடும். அது இருந்த இடம் நுண்ணிய துளையாக நிற்கும். கடலூர் போன்ற கடலோர ஊர்களில் அந்தத் துளை வழியே உப்பு உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும். துரு பருக்கும். காங்கிரீட் வெடித்து விழும்!

17 யானை பலம்

கடலோர வீட்டுக்குக் குறைந்தது "எம்30" ரக காங்கிரீட் வேண்டும் என்கிறது, இந்திய தர நிர்ணய அமைவனம் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட விதி. 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர்தான்!

கலவை சரியா? அதற்கு சோதனை உண்டு.

கலவையில் கொஞ்சம் எடுத்து, 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்ப்பார்கள். தண்ணீரில் போட்டு வைத்து, 28-வது நாள் எந்திரத்தில் நசுக்குவார்கள். "எம்30" கட்டி சுமார் 69 டன் தாங்க வேண்டும். ஒரு யானை 4 டன் என்றால், 17 யானைகள்!

தண்ணீரைக் குறைத்து, ரசாயன திரவமும் நுண்ணிய சாம்பலும் சேர்த்தால், உயர்திறன் காங்கிரீட். "எம்60" என்றால் இரு மடங்கு தாங்கும்!

யாருக்காக?

சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் கட்டிடப் பொறியியல் மாணவர்கள் இந்த சோதனையைக் கற்கிறார்கள். பாலத்துக்கும் மாடிக் கட்டிடத்துக்கும் சோதனை நடக்கிறது. மீனவர் வீட்டுக்கு?

2004-ல் சுனாமி. 2011-ல் "தானே" புயல். இரண்டையும் கண்டது கடலூர். காற்றையும் அலையையும் முதலில் சந்திப்பவன் கடலோர ஏழைதான். அவன் வீட்டுக்குத்தான் முதல் சோதனை வேண்டும்!

"செலவு ஆகுமே" என்பார்கள். இடிந்த தளத்தை மறுபடியும் போட ஆகும் செலவை விடவா?

"28 நாள் கழித்துத் தெரிந்து என்ன பயன்?" என்பார்கள். 7-வது நாளே ஒரு கட்டியை நசுக்கிப் பார்க்கலாம். அதைவிட, சோதனை உண்டு என்று தெரிந்தாலே, குடம் தூக்கும் கை தயங்கும்!

அரசு கட்டித் தரும் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டி சோதனை கட்டாயம் ஆகவேண்டும். முடிவை வீட்டுக்காரர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சொந்தமாகக் கட்டுவோரும், தளம் போடும் அன்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

"மேஸ்திரி, கட்டி வார்த்தாச்சா?"