மூலமாகத்தான் இருக்கும்
குடல் புற்றுநோய் பரவுவது பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கல்லீரல்தான் முதலில் வந்து நிற்கிறது. குடலின் ரத்தம் நேரே அங்கேதான் போகிறது. பெருங்குடலில் கழன்ற புற்றணுவுக்கும் அதே பாதை. அது கிளம்புவதற்குள் நோயைப் பிடிக்க வேண்டும். ஆனால் திருப்பத்தூர் மாவட்டத்து ஆலங்காயம் பக்கம் போனால் என் கண்ணில் படுவது மின்கம்பத்து நோட்டீஸ்தான்: ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’, கீழே ஒரு செல்போன் எண். மலத்தில் ரத்தம் கண்டால் ஜவ்வாது மலைக்காரர் மட்டுமல்ல, சென்னையில் படித்தவரும் ‘சூடு, மூலமா இருக்கும்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார். பெரும்பாலும் அது மூலமேதான், புற்றுநோயாக இருக்கும்போதும் அப்படியே நினைத்துவிடுகிறோம், சிக்கலே அங்கேதான். 2023 இறுதியில் தமிழக அரசு நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது திருப்பத்தூரும் அதில் இருந்தது. வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் இடம் கிடைத்தது, பெருங்குடலுக்கு இல்லை. குறை சொல்வதற்கில்லை, மேலைநாடுகளை விட இங்கே இந்நோய் குறைவு. இங்கிலாந்து போல 50 வயதானவர்களுக்கெல்லாம் மலப் பரிசோதனைப் பெட்டியைத் தபாலில் அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறவர், ‘வெளிக்குப் போறப்ப ரத்தம் படுதாம்மா? பழக்கம் ஏதாவது மாறியிருக்கா?’ என்று கூடவே கேட்கட்டும். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அடுத்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அனுப்பட்டும். குடலோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் பலருக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுகிற நோய் இது. கேட்கிறவர் கூச்சப்படாவிட்டால் சொல்கிறவரும் கூச்சப்பட மாட்டார்.